மாமனார் புத்தகத்தைப் பெரிய எழுத்தில் கொண்டுவந்த கதை

என் மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவருக்கு 'செக்கர்' என்று பெயர். அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதி அச்சடித்தார். 'நின்றுகொண்டே வந்தவன்' என்று தலைப்பு. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். எல்லோரும் அட்டையைத் தடவிப் பார்த்து, "பேப்பர் நல்லா கெட்டியா இருக்கே" என்று பாராட்டினோம். பேப்பர் மெல்லிசுதான். உள்ளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒருவரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரும் படிக்கவில்லை. அச்சாகி வந்த அன்றைக்குப் பிரித்திருக்கிறார், முதல் பக்கத்திலேயே அவருடைய பணிமனைப் பெயர் தப்பாக இருந்திருக்கிறது. மூடி அலமாரியில் வைத்தவர்தான். அப்புறம் தொடவில்லை.

போன வருடம் அவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். ஓரத்துப் பார்வை இருக்கும், நடுவில்தான் மங்கும், பெரிய எழுத்தாக இருந்தால் கொஞ்ச காலம் படிக்கலாம், எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"கண்ணு இருக்கும்போதே என் புத்தகத்த ஒரு தடவ படிச்சுடணும்."

"நான் படிச்சுக் காட்டுறேனே" என்றார் அத்தை, அதாவது என் மாமியார்.

"நீ படிச்சா உனக்குப் புடிச்சத மட்டும் படிப்ப. நான் எழுதினத நானே படிக்கணும்."

பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தார்கள். ரெண்டு வரி படிப்பதற்குள் தலைவலி வந்துவிட்டது. அப்புறம் மச்சான், என் மனைவியின் தம்பி, இ-புத்தகம் படிக்கிற கருவி ஒன்று வாங்கி வந்தார். சிலேட்டு மாதிரி இருந்தது. "இதுல எழுத்த யானை சைஸுக்குப் பெரிசாக்கலாம்பா" என்று தன் அப்பா கையில் கொடுத்தார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிடா. இதுல என் புத்தகம் எங்க?"

அதுதான் இல்லை. அச்சடித்த அச்சகத்தை மூடி ரொம்ப நாளாகிறது. அச்சுக்குக் கோத்த எழுத்து எதுவும் யாரிடமும் இல்லை. ஒரே ஒரு பிரதி, அதுவும் அவர் அலமாரியில். மீதி எல்லாம் கெட்டியான பேப்பரைப் பாராட்டியவர்கள் வீட்டில் எங்கே போயிற்றோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்கிற பிரிவில் இருக்கிறேன்.

"மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி" என்றார் மச்சான்.

ஸ்கேன் செய்வது வேறு, அதை இ-புத்தகம் ஆக்குவது வேறு. மாட்டைப் போட்டோ எடுக்கிறவனிடம் போய் பால் கறந்து கொடு என்றால் எப்படி? ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமா என்னிடம் பேசுவது மூன்று வாக்கியம்தான். "வாங்க." "சாப்பிட்டீங்களா?" "கெளம்பியாச்சா?" கோபம் ஒன்றும் கிடையாது. மரியாதைதான். மரியாதையைத் தாண்டி ஒரு அடி கூட அவர் வந்ததில்லை. இந்த வேலையைச் செய்துகொடுத்தால் நாலாவதாக ஒரு வாக்கியம் கிடைக்காதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

"செஞ்சுடலாம் மாமா" என்றேன்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றதற்கு விடமாட்டேன் என்றார். முதுகை வெட்டித் தாளைத் தனித்தனியாக எடுத்தால் ஸ்கேனரில் சுலபமாக ஓடும் என்றேன். "முதுக வெட்டிட்டா அது புத்தகமா? பொணம்" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தேன். ஸ்டூலுக்கு மேல் ஸ்டூல் போட்டு, நுனியில் போனைக் கட்டி, ரெண்டு பக்கமும் மேஜை விளக்கு வைத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன். மெல்லிசுத் தாள் என்பதால் பின்பக்கத்து எழுத்தும் முன்னால் தெரிந்தது. அதற்காக ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகிச் செருகி எடுத்தேன். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கம் திரும்புவதையும் கண்காணித்தார். ரெண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு திரும்பினால், பார்வை சரியில்லாத அந்த மனிதருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். "ஒண்ண விட்டுட்டீங்க" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

படம் பிடித்த பக்கங்களை ஒரே கோப்பாக்கிக் கருவியில் ஏற்றினேன். அப்படியே புத்தகம் மாதிரி வந்தது. எழுத்துதான் எறும்பு சைஸ். பெரிசாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடும். விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டும். மாமா கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தார்.

"இது படிக்கறது இல்ல மாப்பிள்ளை. தேடறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இருப்பது படம் என்பதால் வந்த வினை. படத்தை எழுத்தாக்கினால்தான் எழுத்து திரைக்குத் தகுந்தாற்போல மடிந்து கொடுக்கும். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். கொடுத்தது. வரி நடுவில் வெட்டுப்பட்டு, காலும் கொம்பும் இடம் மாறி, பக்கத்தின் தலையில் அச்சிட்டிருந்த புத்தகப் பெயரும் பக்க எண்ணும் பேச்சின் நடுவில் நுழைந்து. ஒரு இடத்தில் இப்படி வந்தது: 'என் தாயார் இறந்த செய்தி வந்தபோது நின்றுகொண்டே வந்தவன் 61 நான் பணியில் இருந்தேன்.'

இதை எல்லாம் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். தனி ஆளாகச் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். மாமாவின் கண் அதுவரை காத்திருக்குமா? ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். அங்கேதான் நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். ஊர், பேர், நடந்த விஷயம் தெரிந்தவர்கள் திருத்தினால் பிழை குறையும் அல்லவா? அதனால் அவரவர் காலத்தை அவரவருக்கே கொடுத்தேன். கல்யாணமான புதிதில் நடந்ததெல்லாம் அத்தைக்கு. என் மனைவி வளர்ந்த காலம் அவளுக்கு. மச்சான் பள்ளிக்கூடம் போன காலம் மச்சானுக்கு. ஓய்வுக்குக் கொஞ்சம் முந்தைய வருடங்கள், அதாவது நான் குடும்பத்துக்குள் வந்த காலம், எனக்கு. மாமாவின் சின்ன வயசையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் பார்க்கவேண்டுமே. கையில் கொடுத்தபோது ஒருவரும் திறக்காத புத்தகம். இப்போது பிழை திருத்தக் கொடுத்ததும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறார்கள். அத்தை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலால் தட்டித் தட்டித் திருத்தினார். மச்சான் அலுவலகத்துச் சாப்பாட்டு இடைவேளையில் திருத்தினார். நம் குடும்பத்தை ஒரு புத்தகம் படிக்கவைக்கவேண்டுமானால் அதில் தப்பு இருக்கிறது என்று சொன்னால் போதும் போலிருக்கிறது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

திருத்தியதெல்லாம் மளமளவென்று வந்து சேர்ந்தது. பிழையே இல்லை. அதை விட முக்கியம், நீளமும் இல்லை. எனக்கு வேலை அதுதானே, பக்கம் குறைந்தால் கண்ணில் பட்டுவிடும். மூலத்திலிருந்து பிடித்த படங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். முதலில் மச்சானுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், உங்க பகுதில ரெண்டரைப் பக்கம் காணோமே?"

"எந்தப் பக்கம்?"

"பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு, டிக்கெட் எடுக்காம சினிமாவுக்குப் போனீங்களே. மாமாவே அந்த பஸ்ல ஏறி உங்களப் புடிச்சு அபராதம் போட்டாரே. அது."

போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அதுவா? அந்த எடத்துல தூசி மாதிரி இருந்துச்சு. மெஷின் தப்பாப் படிச்சிருக்கும்னு எடுத்துட்டேன்."

"ரெண்டரைப் பக்கமும் தூசியா?"

"பெரிய தூசி மாப்பிள்ளை. எம் பையன் இப்பதான் பஸ்ல தனியாப் போக ஆரம்பிச்சிருக்கான். நாளைக்கு அவன் தாத்தா புத்தகத்தப் படிச்சா என்னை மதிப்பானா?"

அடுத்தது அத்தை. குடும்பத்துக்காக அரசாங்க வேலையைத் தியாகம் செய்தவர் என்று அவரைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்குப் பத்து தடவையாவது சொல்லுவார். புத்தகத்தில் மாமா எழுதியிருந்தது இது: 'என் மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். அங்கே போட்டிருந்த நாற்காலி ஆடுகிறதாம்.'

நான் நேரில் போய்க் கேட்டேன். அத்தை கொஞ்சமும் அசரவில்லை.

"எழுத்து பெரிசானா புத்தகமும் பெரிசாகுமா ஆகாதா மாப்பிள்ளை?"

"ஆகும் அத்தை."

"அவ்வளவு பெரிசாப் படிச்சா அவரு கண்ணு என்னாகறது? அதான் அங்கங்க கொஞ்சம் சுருக்கினேன். அவரு நல்லதுக்குத்தான்."

கடைசியில் என் மனைவி. எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு கோப்பை இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் அவள் வாங்கியது. கையால் தொட விடமாட்டாள், அவளேதான் துடைப்பாள். அன்றைக்கு மத்தியானம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் எடுத்துவிட்ட பகுதியை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். பந்தயத்தில் நாலாவதாக வந்து அழுதுகொண்டே இருந்தாளாம். ஆறுதல் பரிசு தாமதமாக வந்தது என்று சொல்லி மாமாவே கடையில் ஒரு கோப்பை வாங்கிப் பெயர் பொறித்துக் கொடுத்தாராம்.

"இத ஏன் எடுத்தே?" என்றேன், மெதுவாகத்தான்.

"அப்பா படிச்சா வருத்தப்படுவாருங்க."

"எழுதினதே அவருதானேம்மா."

"அதான்."

நான் எழுந்து உள்ளே போனேன்.

எல்லாவற்றையும் மூலத்தில் இருக்கிறபடியே திருப்பிச் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஸ்கேன் பிரிவில் இருக்கிறவனுக்கு அது ஒரு தர்மம். கோப்பில் கறை இருந்தால் கறையோடுதான் எடுப்போம். இந்தத் தீர்மானத்தோடு என் பகுதிக்கு வந்தேன். என்னைப் பற்றி மாமா என்ன எழுதியிருக்கிறார் என்று தேடினேன்.

இருந்தது. 'அந்த வருடம் என் மகளின் திருமணம் நடந்தது. அன்று மழை.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மழையைப் பற்றி ஒரு முழுப் பத்தி. எந்தத் தடத்தில் எந்த பஸ் நின்றது, எந்த ஓட்டுநர் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினார், எல்லாம் விலாவாரியாக. பஸ் தள்ளிய ஓட்டுநருக்கு ரெண்டு வரி. மகளைக் கட்டிக்கொண்டவனுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. மகள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்றே தெரியாது. மழையையே கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மற்றவர்களுக்காவது அழிப்பதற்கு ஏதோ இருந்தது.

நான் அழிக்கவில்லை. 'அன்று மழை' என்பதற்குப் பின்னால் 'மாப்பிள்ளை நல்ல பையன்' என்று சேர்த்தேன். மூன்றே வார்த்தை. நடந்த விஷயத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை. மறுநாள் திறந்து பார்த்தபோது கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது. 'பொறுமைசாலி' என்று சேர்த்தேன். மடிக்கணினியை மூடுவதற்கு முன்னால், 'எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த தங்கம்' என்பதும் எப்படியோ சேர்ந்துவிட்டது.

இதற்கப்புறம் மற்றவர்கள் வெட்டியதை நான் எந்த வாயால் திருப்பிச் சேர்ப்பது? சேர்த்தால் அவர்கள் என் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்களா? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயை மூடிக்கொண்டு, வந்ததை வந்தபடி கோத்தேன். தலைப்புகளைப் பிரித்து, பொருளடக்கம் போட்டு, அட்டையையும் படம் பிடித்து முன்னால் வைத்து, கருவியில் ஏற்றிக் கொடுத்தேன்.

மாமா எழுத்தைக் கடைசி அளவு வரைக்கும் பெரிசாக்கச் சொன்னார். அந்த அளவில் ஒரு திரைக்கு நாலைந்து வார்த்தைதான் வரும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கருவியை முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் படிக்க ஆரம்பித்தார். சுண்டு விரலால் தட்டுவார், படிப்பார், தட்டுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் ஏறி முன்னாலிருந்து பின்னால் வருகிறபோதும் இந்த முகத்தோடுதான் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன சொல்றாரு?" என்று மச்சான் தினமும் எனக்குப் போன் செய்வார்.

"ஒண்ணும் சொல்லல."

"சிரிக்கிறாரா?"

"இல்ல."

"அப்பச் சரி. சிரிச்சாத்தான் பயம்."

படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச்சொன்னார். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. மாமா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசியிருக்கலாம்.

"டேய், நீ எங்க ஏறின, எங்க எறங்கின?" மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப்பா?"

"பள்ளிக்கூடத்துல சேத்தேன்னு இருக்கு. அடுத்த தெரையில காலேஜ் போயிட்ட. நடுவுல உன்னை ஒரு பஸ்ல வெச்சு எழுதியிருந்தேனே. அந்த பஸ் எங்கடா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"தூசிப்பா" என்றார்.

"நாப்பது வயசுக்கு நல்லாப் பொய் சொல்லுவேன்னு நெனச்சேன். பன்னெண்டு வயசுலயே இதவிட நல்லாச் சொன்ன." அத்தை பக்கம் திரும்பினார். "இந்தம்மா தபாலாபீஸ்ல சேந்தாங்கன்னு இருக்கு. எறங்கினதாவே தெரியல. இன்னும் அங்கதான் வேல பாக்கறாங்களா?"

"ஆமா, ஊருக்கெல்லாம் சொல்லணுமாக்கும் நாற்காலி ஆடினத" என்றார் அத்தை. "ஆடிச்சுங்க! நெஜமாவே ஆடிச்சு! ஒரு தடவ வந்து உக்காந்து பாத்தீங்களா நீங்க?"

மாமா என் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், "எனக்குத் தெரியாமயே இருந்திருக்கலாம்பா" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

"சரி. பாதில எறங்கிப் போறவங்க எல்லா வண்டியிலயும் உண்டு" என்றார். "அது பெரிய குத்தமில்ல. ஆனா இதுல ஒருத்தரு டிக்கெட்டே எடுக்காம ஏறியிருக்காரு."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காது சுட்டது.

கருவியை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். திரை முழுக்க 'குடும்பத்துக்குக் கிடைத்த தங்கம்' என்று இருந்தது. பக்கத்திலிருந்த மச்சானும் எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ!" என்றார் மச்சான். "எங்களுக்கு அழிக்கத்தான் தெரிஞ்சுது. இவரு பிளாட்டே வாங்கிக் குடியேறிட்டாரே!"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். அதற்காகவாவது சேர்த்தது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

"என் சர்வீஸ்ல நான் யாரையும் தங்கம்னு எழுதினதில்ல மாப்பிள்ளை" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. அறிக்கை எழுதுகிற குரல். "மெஷின் மொதல்ல படிச்சுக் குடுத்துச்சே, தப்பும் தவறுமா, அது இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா அத மனுஷன் படிக்க முடியாது."

"அதப் போடுங்க. மெஷின் தப்பாத்தான் படிக்குது, ஆனா அதுக்கு இந்தக் குடும்பத்துல சொந்தக்காரங்க யாரும் இல்ல."

போட்டுக் கொடுத்தேன். கொம்பும் காலும் உடைந்த அந்தப் புத்தகத்தை அவர் படித்தார். நான் கூடவே மூலத்தை வைத்து ஒவ்வொரு அத்தியாயமாகத் திருத்தி, கறை, நாற்காலி, கோப்பை, பஸ் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்து, அவர் போகப் போக மாற்றி ஏற்றிக் கொடுத்தேன். யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போவேன். சில வாக்கியங்கள் அவருக்கே புரியாமல், "இது என்னன்னு பாருங்க" என்பார். மூலத்தைப் பார்த்துச் சொல்வேன். நாலாவது வாக்கியம் மட்டுமில்லை, நாற்பதாவது வாக்கியமும் பேசினோம். எல்லாம் அவர் ஏற்கெனவே எழுதினதுதான், என்றாலும் பேச்சு பேச்சுதானே.

ஆனால் தட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு திரையை ரெண்டு தடவை, மூன்று தடவை பார்த்தார். கருவியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். ஒருநாள், "இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்றார். இதுதான் கடைசி அளவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்தைத் தடியாக்கி, ஓரத்து இடைவெளியைக் குறைத்துக் கொடுத்தேன். "ம், பரவால்ல" என்றார். படித்து முடிப்பதற்குள் பார்வை முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் நுழையாமல் நான் முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் அவர் ஒரு தடவை படித்திருந்தால் போதும். என்னால்தான் ரெண்டு தடவை.

முடித்துவிட்டார். நானும் அத்தையும் பக்கத்தில் இருந்தோம். கருவியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை. ஓரக்கண்ணால் படித்தால் தண்ணீர் வரும்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் அத்தை.

"இந்த ஆளுகூட ஒரு மணி நேரம் பஸ்ல போக முடியாது."

"எந்த ஆளு?"

"இத எழுதினவன். ஏறினதுலேந்து எறங்கற வரைக்கும் எல்லாரையும் புடிச்சுக்கிட்டே இருக்கான். பெத்த பையன், பொண்டாட்டி ஒருத்தர விடல. அவன மட்டும் யாரும் புடிக்கல." கருவியைத் தள்ளி வைத்தார். "போரடிக்குதும்மா. நீங்க வெட்டினீங்களே, அதுதான் நல்லா இருந்துச்சு. சுருக்கமா."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல மாப்பிள்ளை, அவரு நல்லதுக்குத்தான்னு!"

ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டது, கறுப்புத் தாள் செருகியது, ரெண்டாம் தடவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். யாரிடம் கேட்பது? பேரப் பிள்ளைகளுக்கு வெட்டின புத்தகத்தையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். இன்னொன்றை என்ன செய்வது என்றதற்கு, "அது என் பேர்ல உள்ள குத்தப்பத்திரிகை. எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"வெட்டின புத்தகத்துல ஒரே ஒரு விஷயம் மாப்பிள்ளை. அந்தத் தங்கத்த எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் மாமா."

அத்தை பொறுக்கமாட்டாமல் கேட்டார். "பாவம், இத்தனை ஒழைச்சிருக்காரு. அவரப் பத்தி ஒரு வார்த்த இருந்தாத்தான் என்னவாம்?"

"இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? அவரு எழுதக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் எழுதறேன். கம்ப்யூட்டரத் தொறங்க."

மடிக்கணினியைத் திறந்தேன். நான் எத்தனையோ வருடமாக எதிர்பார்த்த விஷயம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். எதிரே பஸ்ஸில் நிற்கிற ஆளை அடையாளம் பார்க்கிற மாதிரி நெற்றி சுருங்கியது. பின்பு, அச்சுத் தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என் மகளின் திருமணம் நடந்தது. அன்று மழை. மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை தன் செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு அனுப்பக் கூடாது என்று என் புதுச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன்."

அப்படி ஒன்று நடந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. இவர் கவனித்திருக்கிறார். இத்தனை வருடம் மனசுக்குள் வைத்திருக்கிறார். அடித்து முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, "போட்டுட்டேன் மாமா" என்றேன்.

"இன்னும் முடியல" என்றார். "திருப்பித் தரவில்லை."

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அடித்தேன். என் விரல் தானாகவே அழிக்கிற விசைக்குப் போனது. மச்சானையும் அத்தையையும் என் மனைவியையும் அந்த நிமிஷம் நான் மனசார மன்னித்தேன். மாமாவுக்கு மடிக்கணினித் திரை தெரியாது, நான் அழித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அத்தை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

இருந்தபடியே கோத்துக் கருவியில் ஏற்றிக் கொடுத்தேன். மாமா பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு படித்துப் பார்த்தார். தட்டினார், மழை வந்தது. தட்டினார், மண்டபம் வந்தது. ஒவ்வொரு திரைக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். செருப்பு ரெண்டு திரை வந்தது. அந்த அளவு எழுத்தில் பத்தி எங்கே உடையும் என்று நம் கையில் இல்லை. கடைசித் தட்டலுக்கு, 'திருப்பித் தரவில்லை' என்கிற ரெண்டு வார்த்தை மட்டும் தனியாக, கறுப்பாக, திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. அதைப் படிக்க மாமாவுக்கு ஓரக்கண் தேவைப்படவில்லை, நேராகப் பிடித்தே படித்தார்.